வாங்கியாச்சு, இப்போ என்ன? – பிரிட்ஜைக் காணோம்!

இந்த வாரத் தபாலில் பெரும்பாலும் ஒரே புலம்பல்: "வீட்டில் எல்லாம் ஓடுகிறது, அலெக்ஸாவுக்கு மட்டும் தெரியவில்லை." பின்னணி தெரியாதவர்களுக்கு நாலு வரி. பிலிப்ஸின் ஹியூ ஸ்மார்ட் பல்புகளை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டிதான் ஹியூ பிரிட்ஜ், 2012-இல் வந்தது. அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் (அதில் பேசுவதுதான் அலெக்ஸா) அதைத் தனி ஸ்கில் (அலெக்ஸாவுக்கான கூடுதல் ஆப்) எதுவும் இல்லாமல் வீட்டு நெட்வொர்க்கிலேயே தேடிப் பிடித்துக்கொள்ளும். இதைப் பார்த்த சிலர், ஹியூ பிரிட்ஜ் போலவே வேஷம் போடும் இலவச மென்பொருட்களை எழுதினார்கள். ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளில் இந்த வேஷத்துக்குப் பெயர் எமுலேட்டட் ஹியூ. மலிவான ஸ்விட்சும் ஃபேனும் அதன் மறைவில் ஹியூ பல்பாக அலெக்ஸாவிடம் போய் நிற்கும். நடந்தால் அருமை. நடக்காதபோது எனக்குக் கடிதம் வருகிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரில், டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருளுக்கான தனி அறை மாதிரி) ஹோம் அசிஸ்டன்ட் வைத்திருக்கிறேன். எமுலேட்டட் ஹியூ சேர்த்தேன். எக்கோவிடம் "டிஸ்கவர் டிவைசஸ்" என்றால் முக்கால் நிமிடம் கழித்து ஒன்றுமில்லை என்கிறது. வேறு எக்கோ வாங்கிப் பார்க்கட்டுமா? – கோவை

பதில்: வேண்டாம். பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

எக்கோ முதலில் 239.255.255.250 என்ற பொது முகவரியில், 1900-ஆம் போர்ட்டில் (எண் போட்ட கதவு மாதிரி), "ஹியூ பிரிட்ஜ் யாராவது உண்டா?" என்று கூவும். பிரிட்ஜ் அதற்குப் பதில் சொல்லித் தன் விவரக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். எக்கோ அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும், அப்புறம்தான் விளக்குகளின் பட்டியலைக் கேட்கும். ஆக, கூவல், கோப்பு, பட்டியல் என்று மூன்று இடத்தில் அறுந்துபோகலாம். பின்னாலிருந்து பாருங்கள், அதுதான் சுலபம்.

அதே வைஃபையில் இருக்கும் போனில் பிரவுசரைத் திறந்து, பையின் ஐபி முகவரியை அடித்து, ஒரு சாய்கோடு போட்டு, "டிஸ்கிரிப்ஷன் டாட் எக்ஸ்எம்எல்" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். பிலிப்ஸ் பெயரோடு சில வரிகள் வந்தால் கோப்பு சரி. பக்கமே திறக்கவில்லை என்றால் போர்ட் தகராறு. ஹோம் அசிஸ்டன்ட் தானாக எடுத்துக்கொள்வது 8300. ஆனால் புதிய எக்கோக்கள் 80-ஐத் தவிர வேறு கதவைத் தட்டுவதில்லை. அமைப்பில் போர்ட்டை 80 என்று மாற்றுங்கள். விளம்பரத்தைத் தடுக்க அதே பையில் பை-ஹோலும் ஓட்டுகிறீர்களா? அதன் பக்கம் ஏற்கெனவே 80-இல் உட்கார்ந்திருக்கும். இரண்டில் ஒன்று எழுந்திருக்க வேண்டும்.

அடுத்து அதே முகவரியில் "ஏபிஐ, வி2, லைட்ஸ்" என்று சாய்கோடுகள் இட்டு அடியுங்கள். நீளமான பட்டியல் வரவேண்டும். வெறும் இரண்டு சுருள் அடைப்புக்குறி மட்டும் திரையில் நின்றால், பிரிட்ஜ் நலமாக இருக்கிறது, காட்டுவதற்கு அதனிடம் விளக்குதான் இல்லை. எந்தெந்தக் கருவியை வெளியே காட்டலாம் என்ற அமைப்பைச் சரிபாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் எக்கோ கண்டுபிடிக்கவில்லை என்றால் கூவல் வந்து சேரவில்லை. உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முழுக்க இதன்மேல்தான். டாக்கரின் வழக்கமான தனி நெட்வொர்க்குக்குள் இந்த மல்டிகாஸ்ட் கூவல் (எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் போவது) நுழையாது. கன்டெய்னரை "ஹோஸ்ட்" நெட்வொர்க்கில் ஓட்டுங்கள். செலவு: பூஜ்யம்.

கேள்வி: அதே எமுலேட்டட் ஹியூ கூகுள் ஹோமில் வேலை செய்யுமா? – தஞ்சாவூர்

பதில்: செய்யாது. கூகுள் ஹியூவைத் தேடுவது இணையத்தில், ஹியூ கணக்கு வழியாக. வேஷம் போட்ட பிரிட்ஜுக்கு அங்கே கணக்கு கிடையாது.

கேள்வி: பழைய பொருள் விற்கும் ஆப்பில் ஹியூ பிரிட்ஜ் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். வட்டமாக, அழகாக இருக்கிறது. ஹியூ ஆப் அதைச் சேர்க்க மறுக்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. ஏமாற்றிவிட்டாரா? – சேலம்

பதில்: வட்டமானது முதல் தலைமுறை. 2015-இல் வந்த சதுரம்தான் இரண்டாவது. வட்டத்துக்கான ஆதரவை 2020 ஏப்ரலில் பிலிப்ஸ் ஹியூ நிறுத்திவிட்டது, முன்கூட்டியே அறிவித்துத்தான் நிறுத்தியது. விற்றவர் படம் போட்டிருந்தார், படத்தில் வட்டம் இருந்தது, நீங்களும் அழகு என்று ரசித்திருக்கிறீர்கள். இதில் ஏமாற்று எங்கே? பழைய எலக்ட்ரானிக் பொருள் வாங்கும்முன் மாடல் எண்ணைத் தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை, கடிதம் எழுத மட்டும் அரை மணி நேரம் கிடைக்கிறது.

ஒரே ஆறுதல்: ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி மென்பொருளோடு வீட்டுக்குள்ளேயே அதை இணைத்துப் பார்க்கலாம். பாதுகாப்பு அப்டேட் எதுவும் இனி வராது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். புது ஃப்ளாட்டுக்கு "ஹியூ ஹப் சிஸ்டம்" என்று சொல்லி ஒருவர் 38,000 ரூபாய் வாங்கினார். எட்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் இணையக் கம்பெனியை மாற்றினோம், புது ரௌட்டர் வந்தது, அன்றிலிருந்து ஒரு விளக்கும் குரலுக்கு எரிவதில்லை. பேரன் பெட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே சின்ன கம்ப்யூட்டர் போர்டுதான் இருக்கிறது, பிலிப்ஸ் என்று எங்கேயும் இல்லை என்கிறான். அந்த ஆள் போனை அணைத்துவிட்டார். துண்டுச் சீட்டில் "ஆட்டோமேஷன் செட் – 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. – திருச்சி

பதில்: அம்மா, உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஹியூ என்று பெயர் சொல்லி, ஹியூ இல்லாததைத் தலையில் கட்டியிருக்கிறார். அந்தப் போர்டும் மென்பொருளும் மோசம் என்று நான் சொல்லமாட்டேன், விவரம் தெரிந்தவர்கள் தங்கள் வீட்டில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதன் பெயரைச் சொல்லி, பாஸ்வேர்டை உங்கள் கையில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வது, நீங்கள் காலம் முழுக்க அவரையே கூப்பிட வேண்டும் என்பதற்காக.

முதலில் விளக்கை எரியவிடுவோம். பேரனிடம் இதைக் கொடுங்கள். புது ரௌட்டரில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழைய ரௌட்டரில் இருந்தபடியே, ஒரு எழுத்து மாறாமல் வைக்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்துகூட மாறக் கூடாது. பல்பும் ஸ்விட்சும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படியும் பெட்டி வரவில்லை என்றால், அந்தப் போர்டுக்கு நிலையான முகவரி ஒன்றைக் கொடுத்திருப்பார். பழைய ரௌட்டர் 192.168.1 என்ற வரிசையில் முகவரி கொடுத்திருக்கும், புதியது 192.168.29 என்பது போல வேறு வரிசையில் கொடுக்கும். புது ரௌட்டரின் லேன் (வீட்டு நெட்வொர்க்) முகவரி வரிசையைப் பழையதற்கே மாற்றினால் போதும். கடைசியாக அலெக்ஸா ஆப்பில் "பதிலளிக்கவில்லை" என்று கிடக்கும் பழைய விளக்குகளை நீக்கிவிட்டு, மறுபடி தேடச் சொல்லுங்கள்.

இனி அந்த ஆள். பணம் யுபிஐயில் போயிருந்தால் அந்தப் பதிவு, "ஹியூ" என்று அவர் சொன்ன வாட்ஸாப் செய்திகள், திறந்த பெட்டியின் படம், துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. முறையான பில் தராததே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை, இதை மனுவில் தனியாக எழுதுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.

கேள்வி: அலெக்ஸாவுக்கு விளக்கு தெரிய ரௌட்டரில் 80, 1900 இரண்டையும் "போர்ட் ஃபார்வர்ட்" செய்யச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா? – ஓசூர்

பதில்: கூடவே கூடாது. இந்தக் கூவலும் பதிலும் வீட்டுக்குள் நடப்பவை, வெளியிலிருந்து எதுவும் வரத் தேவையில்லை. இந்த மாதிரி பிரிட்ஜ்கள் பெரும்பாலும் யார் கேட்டாலும் பாஸ்வேர்ட் இல்லாமல் விளக்கைப் போட்டு அணைக்கும். அதை ஊருக்குத் திறந்துவிடச் சொல்பவர் கடையில் ரௌட்டரும் வாங்காதீர்கள்.

கேள்வி: டாஸ்மோட்டா என்ற இலவச மென்பொருள் போட்ட, நான்கு ரிலே (மின் ஸ்விட்ச்) உள்ள போர்டு ஒன்று. அலெக்ஸாவுக்கு ஒரே ஒரு ஸ்விட்ச்தான் தெரிகிறது. போர்டு பழுதா? – ஈரோடு

பதில்: பழுதில்லை. எமுலேஷன் (வேஷம் போடும்) பகுதியில் பெல்கின் வீமோ (பெல்கின் கம்பெனியின் ஸ்மார்ட் ஸ்விட்ச் வகை) என்று தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அது ஒற்றைக் கருவிக்கானது. ஹியூ பிரிட்ஜ் என்று மாற்றி, நான்குக்கும் நான்கு வெவ்வேறு பெயர் வையுங்கள்.

கேள்வி: "வொர்க்ஸ் வித் அலெக்ஸா" என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். அப்படியானால் இந்த பிரிட்ஜ் தலைவலி இல்லாமல் எதை வேண்டுமானாலும் வாங்கலாம்தானே? – மதுரை

பதில்: அந்த வாசகத்தின்மேல் எனக்குப் பல வருடக் கடுப்பு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் என்று சொல்கிறார்களே, எப்படி என்று எங்கேயாவது சொல்கிறார்களா? உங்கள் குரல் அமேசான் சர்வருக்குப் போய், அங்கிருந்து பல்பு கம்பெனியின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து விளக்கு எரிவதும் "வேலை செய்யும்"தான். பல்பு கம்பெனியின் சர்வர் குறுக்கே வராமல் எக்கோவும் விளக்கும் வீட்டுக்குள் நேராகப் பேசுவதும் "வேலை செய்யும்"தான். தனியாக ஒரு ஹப் வாங்கினால்தான் எரியும் என்பதும் அதே "வேலை செய்யும்"தான். மூன்றுக்கும் ஒரே முத்திரை, ஒரே நிறம். மளிகைக் கடையில் உப்புப் பாக்கெட்டில் உற்பத்தியாளர், எடை, விலை, தேதி எல்லாம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 3,000 ரூபாய் விளக்கு எந்த ஊர் சர்வரை நம்பி எரிகிறது என்பதை மட்டும் வாங்கிய பிறகு நாமே தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நானும் அப்படி ஒரு எல்இடி பட்டைக்கான கன்ட்ரோலரை வாங்கியவன்தான். பெட்டி நிறைய முத்திரைகள். கம்பெனி தன் சர்வரை மூடியது, ஆப் செத்தது. பட்டை இப்போது எங்கள் பூஜை அறையில் ஒரே ஊதா நிறத்தில், மாற்ற வழியில்லாமல் எரிகிறது. வீட்டில் அதற்கு நான் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

எமுலேட்டட் பிரிட்ஜ் இந்தப் பல்பு கம்பெனி சர்வர்களின் வலையிலிருந்து தப்பிக்க வந்த வழி. அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு அமேசானும் வாக்குக் கொடுக்கவில்லை, பிலிப்ஸும் கொடுக்கவில்லை. எக்கோவுக்கு நாளை ஒரு அப்டேட் வந்து தேடும் விதம் மாறினால் புகார் கொடுக்க ஆள் கிடையாது. சொந்தமாகச் செய்துகொள்பவருக்கு இது சரி. கையில் காசு வாங்கிக்கொண்டு "ஹியூ கம்பாட்டிபிள்" என்று விற்பவர் மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். அவரிடம் வாங்கும்முன் ஒன்று கேளுங்கள்: "ரௌட்டரில் இருக்கும் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்விட்ச் ஆப்பில் அழுத்துகிறேன், விளக்கு எரியுமா?" கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். முழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு? எல்லாக் கம்பெனிக் கருவிகளுக்கும் பொதுவான மொழி என்று மேட்டர் வந்துவிட்டதே, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மாறிவிடலாமா? – சென்னை

பதில்: மேட்டரின் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. ஹியூ பிரிட்ஜுக்கே 2023 செப்டம்பரில் மேட்டர் அப்டேட் கொடுத்தார்கள். புதிதாக வாங்குபவர் அதைப் பார்த்து வாங்கலாம், நல்லதுதான். ஆனால் மேட்டரும் வீட்டு நெட்வொர்க்கில் மல்டிகாஸ்ட் கூவித்தான் கருவிகளைத் தேடும். உங்கள் ரௌட்டர் அந்தக் கூவலை விழுங்கினால் புதுப் பல்பும் காணாமல்தான் போகும். ஓடிக்கொண்டிருப்பதைத் தூக்கிப் போடுவது காசு கொழுத்தவர் வேலை.

கேள்வி: ஹாலில் இருக்கும் எக்கோவுக்கு எல்லா விளக்கும் தெரிகிறது. புதிதாக வாங்கிய மெஷ் ரௌட்டரில் (பல பெட்டிகளாக வீடு முழுக்க வைஃபை பரப்புவது) இணைத்த படுக்கையறை ஹப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. மெஷ் 14,000 ரூபாய். – திருநெல்வேலி

பதில்: புது மெஷ்ஷைப் பழைய ரௌட்டரின் பின்னால் செருகியிருக்கிறீர்கள், இரண்டும் தனித்தனியாக முகவரி கொடுக்கின்றன என்று ஊகிக்கிறேன். அப்படியானால் வீட்டில் இரண்டு நெட்வொர்க், ஒன்றில் கூவினால் மற்றதில் கேட்காது. மெஷ்ஷின் ஆப்பில் "பிரிட்ஜ் மோட்" அல்லது "ஆக்சஸ் பாயின்ட் மோட்" என்று இருக்கும், அதைப் போடுங்கள். இந்த பிரிட்ஜுக்கும் ஹியூ பிரிட்ஜுக்கும் உறவில்லை, குழம்பவேண்டாம். ஹப்பை கெஸ்ட் வைஃபையில் இணைத்திருந்தால் வெளியே எடுங்கள். "ஏபி ஐசொலேஷன்" (ஒரு கருவி மற்றதைப் பார்க்க விடாத அமைப்பு) என்றிருந்தால் அணையுங்கள். "ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்" (மல்டிகாஸ்ட் கூவலை வடிகட்டும் அமைப்பு) இருந்தால் ஒருமுறை அணைத்தும் போட்டும் பாருங்கள்.

இந்த அமைப்புகளே இல்லாத மெஷ்களும் விற்கிறார்கள். தள்ளுபடியில் கிடைத்தது என்று அப்படி ஒன்றை நானும் வாங்கினேன், ஆப்பில் வைஃபை பெயர் மாற்றுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. உங்களுடையது அந்த ரகமாக இருந்தால், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியை வீசிவிட்டேன் என்று அடுத்த வாரம் எழுதாதீர்கள்.