மொட்டைமாடி போன்சாய்: கேட்டதும் சொன்னதும்

சென்னையில் ஒரு மொட்டைமாடி, தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரங்கள் முப்பது சொச்சம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். மலைப்பிரதேசக்காரர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, சுவரில் முளைத்த அரசங்கன்றை எடுத்து போன்சாய் தொட்டியில் வைத்து ஒரு வருடமாகிறது. தண்டு பென்சில் அளவிலேயே நிற்கிறதே?

தொட்டிக்கு அவசரப்பட்டுவிட்டீர்கள். சின்னத் தொட்டிக்குள் போன பிறகு தண்டு பருப்பது ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும். பெரிய சிமெண்ட் தொட்டியோ பழைய பெயின்ட் வாளியோ எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, மூன்று நான்கு வருடம் இஷ்டத்துக்கு வளரவிடுங்கள். கீழ்க்கிளை ஒன்றை மட்டும் வெட்டாமல் நீளமாக ஓடவிட்டால், அதற்குக் கீழே தண்டு நன்றாகப் பருக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை எடுத்துவிடலாம். அரசுக்கு இலையும் பெரிது. முதல் மரம் என்றால் நர்சரியில் 'ஃபைகஸ்' என்று கொடுக்கும் சின்ன இலை ரகத்தை வாங்குங்கள். எத்தனை தப்பு செய்தாலும் தாங்கும்.

கோவையிலிருந்து: செம்மண் போட்டேன், கல் மாதிரி இறுகிவிட்டது. ஜப்பான் அகடாமா மண் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம், நான் வாங்கியதே இல்லை. உடைத்த செங்கல் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. செங்கல்லை இரண்டு சல்லடையில் சலிக்க வேண்டும். மேல் சல்லடையில் தங்கும் பெரிய துண்டு வேண்டாம், கீழே கொட்டும் தூளும் வேண்டாம். நடுவில் நிற்கிறதே, மிளகு அளவு, அதுதான் மண். தூளைக் கழிக்காமல் போட்டால் அது அடியில் போய் அடைத்துக்கொள்ளும், வேர் அழுகும். நல்ல கலவையில் ஊற்றிய தண்ணீர் சில நொடிகளில் கீழ் ஓட்டை வழியே வந்துவிட வேண்டும்.

மதுரையிலிருந்து: ஆசையாக வாங்கிய ஜூனிப்பர் என்கிற ஊசியிலை மரம் பழுப்பாகிறது. ஹாலில் ஏசிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அது அநேகமாகப் போய்விட்டது. ஜூனிப்பர் வேர் செத்துப் பல வாரம் கழித்துத்தான் பழுப்பைக் காட்டும். அதற்கு வெளி வெயிலும் வேண்டும், குளிர்கால ஓய்வும் வேண்டும். மதுரையில் இரண்டாவதற்கு எங்கே போவது? புளி, காகிதப்பூ, கொடுக்காப்புளி என்று நம் வெயிலுக்குப் பிறந்ததை வையுங்கள்.

சார், ஐந்து நாள் ஊருக்குப் போகிறோம். தண்ணீருக்கு என்ன செய்வது?

பக்கத்து வீட்டில் சாவி கொடுங்கள். அதுதான் உண்மையான பதில். முடியாவிட்டால் எல்லாத் தொட்டியையும் நிழலுக்கு மாற்றி, ஈர மணல் பரப்பிய தட்டில் நெருக்கி வையுங்கள். ஒரு மே மாதம் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். பதினோரு வருடப் புளியின் இலைகள் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கின. பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன், பச்சை இல்லை. இன்னும் கீழே கீறினேன், அங்கேயும் இல்லை.

வேரையும் கிளையையும் வெட்டி மரத்தைச் சித்திரவதை செய்கிறோம் என்கிறாரே என் அத்தை?

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய மரப் பூங்காவில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்கிறது. 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்து பிழைத்தது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. சித்திரவதையில் இத்தனை வருடம் யார் இருப்பார்கள் என்று அத்தையிடம் கேளுங்கள். வெட்டிய வேருக்குப் பதில் புது வேர் விடுகிறது, அவ்வளவுதான்.

கிளையை வளைக்கச் சுற்றிய கம்பி கிளைக்குள் பதிந்துவிட்டது. கழற்றினால் பட்டை உரிகிறது.

சுற்றிய வழியே கழற்றாதீர்கள். கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுங்கள். அலுமினியக் கம்பி என்றால் கவலைப்படும் விலையும் இல்லை. ஃபைகஸ் மழைக்காலத்தில் வேகமாகப் பருக்கும், நான்காவது வாரத்திலிருந்தே பாருங்கள். தழும்பு மறைய இரண்டு மூன்று வருடமாகும். அதுவரை அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.