2017 நவம்பர் 15ஆம் தேதி ‘யெஸ்’ வந்தால் உடனே கல்யாணமா?

(2017 நவம்பரில், ஆஸ்திரேலியாவில் ஒருபாலினத் திருமணம் சட்டமாகும் முன் எழுதியது; இதில் வரும் விதிகளும் கட்டணமும் அன்றைய நிலை.)

கேள்வி: சிட்னி வென்ட்வொர்த்வில்லில் நானும் என் துணைவரும் மூன்று வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். நான் பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை உள்ளவன்). அவருடைய மாணவர் விசா 2018 மார்ச்சில் முடிகிறது. நவம்பர் 15 அன்று, ஒருபாலினத் திருமணத்தைச் சட்டமாக்கலாமா என்று கேட்ட தபால் கருத்துக்கணிப்பில் ‘யெஸ்’ வந்ததும் கல்யாணத்தை முடித்து, அதை வைத்து அவருக்கு பிஆர் வாங்கித் தருவதாக ஒருவர் 3,000 டாலர் முன்பணம் கேட்கிறார். ‘நோ’ வந்துவிட்டால் எல்லாம் போய்விடுமோ என்று தூக்கமே இல்லை. இன்னொன்று: 2012இல் வீட்டார் கட்டாயத்தால் திருச்சியில் எனக்கு ஒரு பெண்ணுடன் கல்யாணம் நடந்தது. ஒரு வருடத்திலேயே பிரிந்து, பெரியவர்கள் முன்னிலையில் பத்திரத்தில் எழுதிக்கொண்டோம். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், அந்த 3,000 டாலரைக் கொடுக்காதீர்கள். அவர் விற்கும் சரக்கு இன்னும் கடைக்கே வரவில்லை.

புதன்கிழமை காலை 10 மணிக்குப் புள்ளியியல் துறைத் தலைவர் டேவிட் காலிஷ் கான்பெராவில் அறிவிக்கப்போவது ஒரு கணக்கு மட்டுமே. எத்தனை பேர் ‘யெஸ்’, எத்தனை பேர் ‘நோ’, எந்தத் தொகுதியில் எவ்வளவு என்று வரும். அது சட்டம் ஆகாது. நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. ‘யெஸ்’ வந்தால் தனிநபர் மசோதாவுக்கு வழிவிடுவேன், கிறிஸ்துமஸுக்குள் முடிக்கப் பார்ப்பேன் என்று பிரதமர் டர்ன்புல் சொல்லியிருக்கிறார். செனட்டர் டீன் ஸ்மித்தின் மசோதா தயாராக இருக்கிறது. அது இரு அவைகளிலும் நிறைவேறி, கவர்னர் ஜெனரல் ஒப்புதல் தந்து, அமலுக்கும் வர வேண்டும். அதன் பிறகுதான் உங்களால் கல்யாண நோட்டீஸே கொடுக்க முடியும். நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் கழித்துத்தான் கல்யாணம். ஆகவே ‘யெஸ்’ வந்ததும் கல்யாணத்தை முடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர் இல்லாத ஒன்றுக்குக் காசு கேட்கிறார்.

அவசரப்பட்டவர்களுக்கு 2013இல் என்ன ஆனது என்று பாருங்கள். கான்பெரா இருக்கும் தலைநகரப் பகுதி ஒருபாலினத் திருமணத்துக்குத் தனியாக ஒரு சட்டம் போட்டது. டிசம்பர் 7ஆம் தேதி தம்பதிகள் ஆசை ஆசையாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். 12ஆம் தேதி உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. ஐந்தே நாளில் அத்தனை கல்யாணமும் இல்லையென்று ஆகிவிட்டது. 2004இல் ஹோவர்ட் அரசு கல்யாணம் என்றால் ‘ஆணும் பெண்ணும்’ என்று சட்டத்தைத் திருத்தியபோது மக்களில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கவில்லை. அதை மாற்ற மட்டும் 12 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கி, தபால் அனுப்பி, உங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையை இரண்டு மாதம் ஊர் விவாதிக்க விட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது.

உங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். துணைவர் விசாவுக்குக் கல்யாணம் தேவையில்லை. 2009 ஜூலையிலிருந்து குடியேற்றச் சட்டம் ஒருபாலின ஜோடிகளையும் டிஃபாக்டோ துணைவர்களாக (கல்யாணம் ஆகாமலே ஜோடியாக வாழ்பவர்களாக) ஏற்கிறது. 12 மாத உறவு இருந்தால் போதும். உங்களுக்கு மூன்று வருடம் இருக்கிறது. புதன்கிழமை ‘நோ’ வந்தாலும் இந்த வழி அடைபடாது. விண்ணப்பக் கட்டணம் 2017இல் ஏறக்குறைய 7,000 டாலர். பணம் சேர்த்து வைப்பதென்றால் இதற்குச் சேருங்கள்.

இதில் நம்மவர்கள் வழக்கமாகச் சறுக்குவது ஆதாரத்தில். வீட்டு ஒப்பந்தம் ஒருவர் பெயரில், கரண்ட் பில் இன்னொருவர் பெயரில் இருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் காட்டுவதற்கென்று இரண்டாவது அறையில் ஒரு கட்டில் போட்டிருப்பார்கள். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ‘ரூம்மேட்’ என்று எழுதியிருப்பார்கள். குடும்பத்துக்குப் பயந்து மறைத்ததெல்லாம் அதிகாரி கண்ணுக்கு ‘உறவே இல்லை’ என்று படும். இன்றைக்கே ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் சேருங்கள், கூட்டுக் கணக்கு திறந்து வாடகையை அதிலிருந்து கட்டுங்கள். ஏன் மறைக்க நேர்ந்தது என்பதையும் உறவு பற்றிய உங்கள் வாக்குமூலத்தில் நேராக எழுதுங்கள். 888 படிவத்தில் சாட்சி சொல்ல பெற்றோர் வேண்டியதில்லை. உங்களை ஜோடியாக அறிந்த, பிஆரோ குடியுரிமையோ உள்ள இரண்டு நண்பர்கள் போதும்.

இனி அந்தத் திருச்சிப் பத்திரம். நீங்கள் இதைக் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு இதுதான் பெரிய கவலை. பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய பத்திரத்தை நம்பி நீங்கள் விவாகரத்து ஆனவர் என்று எந்தப் படிவத்திலும் எழுதாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாதவரை சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் அந்தப் பெண்ணின் கணவர். புதுச் சட்டம் வந்து, இதை மறைத்து நீங்கள் கல்யாணம் செய்தால் அது செல்லாது. இருதார மணக் குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. கல்யாணம் ஆகாத ஜோடிகள் பதிந்துகொள்ளும் நியூ சவுத் வேல்ஸ் உறவுப் பதிவேட்டிலும் இப்போது உங்களால் பதிய முடியாது. டிஃபாக்டோ விசாவுக்கு மட்டும் இது தடையில்லை, படிவத்தில் உண்மையைச் சொல்லும் வரை.

விவாகரத்தை எங்கே வாங்குவது? 12 மாதம் பிரிந்திருந்தால் இங்கேயே விண்ணப்பிக்கலாம். உத்தரவு கிடைத்து ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து அமலாகும். ஆனால் இங்கே ஒருவர் மட்டும் போட்டு வாங்கிய விவாகரத்தை இந்திய நீதிமன்றம் ஏற்காமல் போகலாம். அப்படியானால் இங்கே நீங்கள் விடுதலையாகிவிடுவீர்கள். அந்தப் பெண் அங்கே மறுமணம் செய்ய முடியாமல் மாட்டிக்கொள்வார். உங்களைக் கட்டாயப்படுத்திய அதே கல்யாணம்தான் அவர் வாழ்க்கையையும் பிடித்து வைத்திருக்கிறது. அவரிடம் பேசி, இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி திருச்சி குடும்ப நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத மனு போடுங்கள். ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தகுந்த வழக்குகளில் அதையும் தளர்த்தலாம் என்று இந்திய உச்சநீதிமன்றம் 2017 செப்டம்பரில்தான் சொல்லியிருக்கிறது. திருச்சி நீதிமன்றம் தரும் விவாகரத்தை ஆஸ்திரேலியாவும் ஏற்கும். எப்படிப் பார்த்தாலும் ஜனவரியில் உங்களுக்குக் கல்யாணம் நடக்காது. மண்டபம் எதுவும் பேசிவிடாதீர்கள்.

விசா விண்ணப்பத்தை மார்ச்சுக்கு முன், துணைவரின் மாணவர் விசா உயிரோடு இருக்கும்போதே போட்டுவிடுங்கள். முடிவு வரும்வரை பிரிட்ஜிங் (இடைக்கால) விசாவில் இங்கேயே இருக்கலாம். பணம் கேட்டவரிடம் ஏழு இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள். குடியேற்ற ஏஜென்ட்கள் பதிவு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் அந்த எண்ணும் பெயரும் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். பதிவில்லாமல் விசா ஆலோசனைக்குக் காசு வாங்குவது பத்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், ரசீதோடு சேர்த்து அந்த அலுவலகத்துக்குப் புகார் அனுப்புங்கள்.