இங்கிலாந்து கோர்ட்டுகளில் எத்தனை வகை நீதிபதிகள்? சட்டம் படிக்காதவர்கூட நீதிபதி ஆகலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிரிமினல் வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிந்துவிடுகின்றன, அங்கே பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது சட்டப் பட்டம் இல்லாதவர்கள்தான். நம்ம ஊர் மாஜிஸ்திரேட் சட்டம் படித்து, தேர்வெழுதி, சம்பளம் வாங்குகிறவர். அங்கே அவர் பள்ளிக்கூட டீச்சராகவோ, கடை நடத்துகிறவராகவோ, ஓய்வுபெற்ற நர்ஸாகவோ இருக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 13 நாள் வரவேண்டும், செலவுத் தொகை உண்டு, சம்பளம் கிடையாது. 1361-இல் வந்த ஒரு சட்டத்திலிருந்து தொடரும் வழக்கம் இது.

நான் லண்டன் பக்கம் கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன், அதனால் இதை அருகிலிருந்து பார்க்கிறேன். மேடையில் வழக்கமாக மூன்று பேர். விக் இல்லை, கறுப்பு அங்கி இல்லை, ஆபீஸுக்குப் போகிற உடுப்புதான். நடுவில் இருப்பவர் மட்டும் பேசுவார். அவர்களுக்கு முன்னால், கொஞ்சம் தாழ்வாக, சட்டம் படித்த ஆலோசகர் ஒருவர் இருப்பார். குற்றச்சாட்டை வாசித்து, ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று கேட்பவர் அவர் என்பதால், நம் ஆட்கள் பலர் அவரைத்தான் ஜட்ஜ் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்வதோடு அவர் வேலை முடிந்தது. செய்தாரா இல்லையா என்று தீர்மானிப்பது அந்த மூன்று பேர். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு குற்றத்துக்கு அவர்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச சிறைத்தண்டனை 6 மாதமாக இருந்தது, 2022-இல் 12 ஆக்கினார்கள், அடுத்த ஆண்டே திரும்ப 6, மறுபடி 2024 நவம்பரில் 12. சிறையில் இடம் இருக்கிறதா, பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில் வழக்கு குவிந்திருக்கிறதா என்பதைப் பார்த்து இந்த எண்ணை ஏற்றி இறக்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒருவருடைய ஓராண்டு வாழ்க்கை அது.

இதே கோர்ட்டுகளில் சம்பளம் வாங்கும் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜும் உண்டு, அவர் தனியாகவே தீர்ப்புச் சொல்வார். மேலே கிரவுன் கோர்ட்டில் சர்க்யூட் ஜட்ஜ், அல்லது மற்ற நாட்களில் வக்கீலாக இருந்துகொண்டு ஆண்டில் சில வாரம் மட்டும் வந்து உட்காரும் ரெக்கார்டர். விக்கும் ஊதா அங்கியும் இங்கேதான். இங்கே குற்றவாளியா இல்லையா என்பதை ஜட்ஜ் சொல்ல முடியாது, அது பொதுமக்களிலிருந்து எடுத்த 12 பேர் கொண்ட ஜூரியின் வேலை. ஜட்ஜ் விசாரணையை நடத்துவார், சட்டத்தை ஜூரிக்கு விளக்குவார், குற்றம் என்று அவர்கள் சொன்னால் தண்டனையைத் தீர்மானிப்பார். அதற்கும் மேலே ஹைகோர்ட், அப்பீல் கோர்ட், உச்சியில் 12 நீதிபதிகளோடு சுப்ரீம் கோர்ட். இது 2009-இல்தான் திறந்தது, அதுவரை கடைசி அப்பீலைக் கேட்டது நாடாளுமன்றத்தின் மேலவையில் இருந்த நீதிபதிகள்.

சரி, நீதிபதிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு வருவோம். ரொம்ப நாளாக லார்டு சான்சலர் என்ற ஒரே ஆள் அமைச்சரவையில் மந்திரி, மேலவைக்குத் தலைவர், நீதிபதிகளுக்கெல்லாம் தலைவர். பெரிய நீதிபதி பதவிக்கு யார் தகுதி என்று அவருடைய அலுவலகம் மற்ற ஜட்ஜுகளிடமும் மூத்த வக்கீல்களிடமும் ரகசியமாக விசாரிக்கும், பிறகு கூப்பிட்டுப் பதவி கொடுப்பார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களே மேலே போனார்கள், அதாவது ஆண்கள், வெள்ளையர்கள், பாரிஸ்டர்கள். 2005 சட்டம் இதை உடைத்தது. 2006-இலிருந்து தனி ஆணையம் விளம்பரம் போட்டு, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்து, ஓர் இடத்துக்கு ஒரே ஒரு பெயரை அனுப்புகிறது. அந்த ஆணையத்தின் தலைவர் வக்கீலாகவோ நீதிபதியாகவோ இருக்கக் கூடாது. மந்திரியான லார்டு சான்சலர் மறுக்கலாம், ஆனால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும், தன் ஆளைப் போட முடியாது. சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தனிக் குழு. மாற்றம் மெதுவாகத்தான் வந்தது: தலைமை நீதிபதி நாற்காலியில் முதல் பெண்ணாக சூ கார் உட்கார்ந்தது 2023-இல்.

போட்டவரை எடுப்பது இன்னும் கடினம். ஹைகோர்ட்டிலும் அதற்கு மேலும் உள்ளவரை நீக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் கேட்டுக்கொள்ள வேண்டும், 1701 சட்டத்திலிருந்து வரும் பாதுகாப்பு இது. அப்படி நீக்கப்பட்ட ஒரே ஆள் ஜோனா பேரிங்டன், 1830-இல், கோர்ட்டுப் பணத்தில் கைவைத்ததற்காக. அவரும் அயர்லாந்து நீதிபதி.

இங்கிலாந்தில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். மாஜிஸ்திரேட் ஆக 18 முதல் 74 வயது வரை விண்ணப்பிக்கலாம், பிரிட்டிஷ் குடியுரிமைகூடத் தேவையில்லை, மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கத் தயாராக இருந்தால் போதும். சம்பள நீதிபதி பதவிக்குக் குடியுரிமை பார்ப்பார்கள், ஆனால் காமன்வெல்த் நாட்டவரும் அதில் அடக்கம், ஆகவே இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கும் வக்கீல்களும் அங்கே தகுதியும் அனுபவமும் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். முதலில் பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பார்வையாளர் இருக்கையில் ஒரு காலை உட்கார்ந்து பாருங்கள், பெரும்பாலான வழக்குகளுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம்.