மழை முடிந்து எடுத்தால் பெட்ரோல் புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றணுமா?

உடனே மாற்றாதீங்க. இன்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்க, பாதி பதில் அங்கேயே இருக்கும். வெளிர் காபி நிறமென்றால் பிளக் நல்லாயிருக்கு. பெட்ரோலில் நனைந்திருந்தால் சோக் போட்டபடியே அதிகம் இழுத்திருப்பீங்க; துடைத்து, வெயிலில் காயவிட்டு மாட்டுங்க. காய்ந்த கரி என்றால் பித்தளை பிரஷ் போதும். நுனியில் இருக்கும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே இடைவெளி பல சிறு இன்ஜின்களுக்கு 0.6–0.7 மி.மீ., அதை அளக்கும் கேஜ் வைத்தே பாருங்க. பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதி விரிசல் விட்டிருந்தால் புதுசுதான். பழையதைக் கையோடு சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளுக்கு எடுத்துப்போய் அதே எண் கேளுங்க.

பெசன்ட் நகர் மாதிரி கடலோரமா? பிளக் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்க, உப்புக்காற்றில் அதுவும் துருப்பிடிக்கும்.

ஸ்டார்ட்டர் கயிற்றை எடுத்தவுடனே வெடுக்கென்று இழுக்காதீங்க. மெல்ல இழுத்து, இறுக்கம் தெரிந்த பிறகு வேகமா இழுங்க. கைப்பிடியை அப்படியே விட்டுடாம, கையாலேயே உள்ளே கொண்டுபோய் விடுங்க.