ரீச்சரிடம் கேளுங்கள்: இருட்டையும் கடவுள்தான் படைத்தாரா?

கேள்வி: அன்புள்ள ரீச்சர், என்ரை அவர் இரவுத் தொழிலுக்குக் கடலுக்குப் போறவர். மைமல் நேரம் வலையோடை வெளிக்கிட்டால் விடியத்தான் வருவார். எட்டு வயது மகன் ராவிலை லைற்றை நிப்பாட்ட விடுறானில்லை. மறைக்கல்வி வகுப்பிலை ‘கடவுள் ஒளி, அவரிடம் இருளே இல்லை’ எண்டு படிச்சிட்டு வந்து, ‘அப்ப இருட்டைப் பிசாசுதானே செய்தது? அப்பா ஏன் அதுக்குள்ளை போறார்?’ எண்டு கேக்கிறான். மாமியும் ‘பிள்ளை சொல்லுறது சரிதானே’ எண்டுறா. நான் என்ன சொல்ல?
– ஒரு தாய், குருநகர்

பதில்: பிள்ளை, முதலில் மகனுக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அப்பா போவது கடவுளுடைய இரவுக்குள்தான். தொடக்கநூலின் முதலாம் அதிகாரத்தை அவனைப் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். கடவுள் ஒளிக்குப் பகல் என்று பெயரிட்டார். அதே வாயால் இருளுக்கு இரவு என்று பெயரிட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு யாராவது போய்ப் பெயர் வைப்பார்களா? இரவு அவருடையது என்பதால்தான் அதற்கு அவர் பெயர் வைத்தார்.

அந்த அதிகாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். நாட்களை எண்ணும்போது மாலை முன்னுக்கு வருகிறது, காலை பிறகுதான் வருகிறது. யூதர்கள் இன்றைக்கும் ஓய்வுநாளை வெள்ளிக்கிழமை பொழுதுபடத் தொடங்குகிறார்கள். நாங்களும் சனி பின்னேரப் பூசையை ஞாயிறுப் பூசையாகத்தானே காண்கிறோம்? இதை நான் பல வருடம் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஒரு ஆறுதல் வரும். நாள் தொடங்குகிற நேரத்தில் மனிதர் பாயை விரிக்கிறார். அவர் நித்திரையாகக் கிடக்க, நாளின் முதற்பாதியைக் கடவுள் தனியே நடத்திவிடுகிறார். விடிய எழும்பி நாங்கள் செய்வதெல்லாம் அவர் ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலையில் போய்ச் சேர்ந்துகொள்வதுதான். இரவு எதற்கு என்று என்னைக் கேட்டால் முதற்காரணமாக இதைத்தான் சொல்வேன்: நாங்கள் கையை எடுத்தாலும் உலகம் விழாது என்று நாள்தோறும் எங்களுக்குக் காட்டுவதற்கு.

பிறகு 104ஆம் திருப்பாடலுக்கு வாருங்கள். அது உங்கள் வீட்டுக்கென்றே எழுதியதுபோலக் கிடக்கிறது. கடவுளே இருளை வரச்செய்கிறார். காட்டு விலங்குகள் வெளியே வருகின்றன. சிங்கக்குட்டிகள் கர்ச்சித்து அவரிடம் இரை கேட்கின்றன. சூரியன் எழும்பியதும் அவை தங்கள் குகைக்குத் திரும்ப, மனிதர் வேலைக்குப் போகிறார். அதற்குச் சில அடிகள் கழித்துக் கடலும் அதில் போகும் கப்பல்களும் வருகின்றன. இரவுக்கும் ஒரு குடும்பம் உண்டு, அதற்கும் கடவுள் சோறு போடுகிறார் என்பதுதான் பாட்டின் பொருள். உங்கள் அவரைக் கேட்டுப் பாருங்கள்: நிலவு காலத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும், இருட்டுக் காலத்தில்தான் நன்றாகப் படும் என்று சொல்வார். உங்கள் அடுப்பில் உலை கொதிப்பது அந்த இருட்டால். வயலிலும் இதே கதைதான். பழைய நெல்லினங்கள் பலவற்றுக்குக் கதிர் வர நீண்ட இரவு வேண்டும். இரா முழுக்கத் தெருவிளக்கு வெளிச்சம் விழும் மூலையில் அந்த நெல் பிந்தித்தான் பூக்கும்.

‘அப்படியென்றால் கடவுளிடம் இருளே இல்லை என்று யோவான் தன் முதலாம் திருமுகத்தில் ஏன் எழுதினவர்?’ என்று மாமி கேட்பா. கேட்கட்டும், நியாயமான கேள்வி. அதே திருமுகத்தின் அடுத்த அதிகாரத்தைக் காட்டுங்கள். தன் சகோதரனை வெறுக்கிறவனே இருளில் இருக்கிறான் என்று யோவானே விளக்கம் தருகிறார். அது நட்டநடுப் பகலிலும் வரக்கூடிய இருள். 1981 மே 31 இரவை மாமி மறந்திருக்கமாட்டா. அன்றிரவு யாழ்ப்பாணத்து வானம் நல்ல வெளிச்சமாகத்தான் இருந்தது. பொது நூலகத்தை ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரித்தார்கள். அதைக் கண்ட அதிர்ச்சியில் தமிழறிஞர் தாவீது அடிகளார் உயிர்விட்டார். யோவான் சொன்ன இருள் அந்த வெளிச்சத்துக்குள் இருந்தது.

மகனைப் பகிடி பண்ணவேண்டாம். ஒரு சின்ன பல்ப் எரியட்டும், அதில் பாவமில்லை. அவர் தொழிலுக்குப் போகாத நாளொன்றில் மகனை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கடலில் இருட்டுக்குள் திசை எப்படிப் பிடிக்கிறவர் என்று சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். ஆபிரகாமையும் கடவுள் வெளியே கூட்டிக்கொண்டு வந்துதான் விண்மீன்களைக் காட்டினார்.

கேள்வி: மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் கனடாவில். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை, செபமும் வருவதில்லை. 95இல் யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அந்த இடப்பெயர்வுதான் கண்ணுக்குள் வருகிறது. இரவு கடவுளின் கொடை என்று பிரசங்கத்தில் கேட்டேன். எனக்கு அது அப்படி இல்லை.
– வாசகர், இளவாலை

பதில்: ஐயா, அந்த 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு நானும் அந்தத் தெருவில்தான் நின்றேன். வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்த நேரத்திலிருந்து நாவற்குழிப் பாலம் தாண்டும்வரை ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம் நின்றோம் என்று உங்களுக்குத் தெரியும். மழை. தண்ணிக்காகக் குடையைத் திருப்பிப் பிடித்தோம். முன்னால் போகிறவருடைய சட்டை நுனியைப் பிடித்தபடி பிள்ளைகள் வந்தார்கள். அந்த இரவை நான் யாருக்கும் அழகாக்கிச் சொல்லமாட்டேன். உங்களையும் அது கொடை என்று சொல்லச் சொல்லமாட்டேன்.

வேதமும் உங்களை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. 88ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும். இதில் இல்லை. உற்றாரும் தோழரும் விலகிப்போக இருள்தான் மிஞ்சியது என்று சொல்லி, அதோடு நிற்கிறது. திருச்சபை இந்தப் பாட்டை ஒளிக்கவில்லை. குருக்களும் துறவிகளும் சொல்லும் திருப்புகழ்மாலையில், வெள்ளிக்கிழமை இரவுச் செபமாக இதைத்தான் வைத்திருக்கிறது. ஆக, ஒவ்வொரு வெள்ளி இரவும் உலகம் முழுக்க எத்தனையோ பேர் உங்கள் வாயால் செபிக்கிறார்கள். உங்களுக்குச் செபம் வரவில்லை என்று எண்ணவேண்டாம். நீங்கள் எனக்கு எழுதிய அந்த நாலு வரியையே அவரிடம் சொல்லுங்கள், அது செபம்.

இன்னொன்று. நிக்கதேம் ஆண்டவரிடம் இரவில்தான் வந்தார், மனதில் கேள்வியோடு வந்தார். பகலில் வா என்று ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை, இருந்து பேசினார். கல்வாரியில் ஆண்டவருக்கும் நண்பகல் பன்னிரண்டு தொடங்கி மூன்று மணிவரை இருளாகத்தான் இருந்தது. என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அதற்குள் நின்றுதான் கேட்டார். ஆகவே கேள்வி கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். என் அனுபவத்தில் பகலில் கேட்க முடியாத கேள்விகள் இருக்கின்றன. பகலில் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள், நாங்களும் சிரித்துக்கொண்டிருப்போம்.

இனி வீட்டு விசயம். இங்கே இரவு இரண்டு மணி என்றால் ரொறன்ரோவில் பின்னேரம். பிள்ளைகள் எழும்பி நடமாடுகிற நேரம். தயங்காமல் அழையுங்கள், ‘அப்பா ஏன் இந்த நேரம்?’ என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நித்திரையின்மையை வைத்தியரிடமும் காட்டுங்கள். பங்குத்தந்தையிடம் சொன்னால் வீட்டுக்கு வந்து உங்களோடு கதைப்பார்.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். இரவு ஒரு மணிவரை படித்துவிட்டுப் படுக்கையில் செபமாலை தொடங்கினால் இரண்டாம் காரணிக்கத்துக்குள் (ஐந்து பகுதியில் இரண்டாவதுக்குள்) நித்திரையாகிவிடுகிறேன். பாவமா ரீச்சர்?
– மாணவி, கரவெட்டி

பதில்: இல்லை மகள். படுத்த உடனே சமாதானமாய் நித்திரை கொள்ளுவேன் என்று 4ஆம் திருப்பாடலே சொல்லுகிறது. சிமியோனுடைய பாட்டு லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது, நாலே வசனம். அதைப் பாடமாக்கி, படுக்கமுன் நின்றபடி சொல்லிவிட்டுப் படுங்கள். செபமாலையைப் பின்னேரம் கோயில் மணி அடித்ததும் வீட்டாரோடு சேர்ந்து சொல்லுங்கள். ஒரு மணிவரை விழித்திருப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன். பத்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, விடியப்புறம் நாலரைக்கு எழும்புங்கள். இரசாயனவியலை அப்போது எடுங்கள்.