எட்டு வயதில் ரப்பீட் ஏறலாமா?

அன்புள்ள அண்ணா,

டக்கோட்டா என்ற அந்தப் பழைய இரட்டை எஞ்சின் பயணிகள் விமானம் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என் அம்மப்பா பலாலியிலிருந்து மெட்ராசுக்கு அதில் போய் வந்தவர். ஏறினவுடனே தோடம்பழ இனிப்பும் காதுக்குப் பஞ்சும் தந்தவை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய விமான விசர் இப்போது என் மகனுக்கு வந்துவிட்டது. எட்டு வயது. பிறந்தநாளுக்கு, கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் விமான அருங்காட்சியகம் இருக்கும் டக்ஸ்ஃபோர்டில் அந்த இரட்டைச் சிறகு ரப்பீட் விமானத்தில் ஏற வேண்டுமாம். இவர் உடனே பதிவு செய்வோம் என்கிறார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. 2018இல் சுவிசில் பழைய விமானம் ஒன்று விழுந்த செய்தி இன்னும் மனதில் இருக்கிறது. நான் வீணாகப் பயப்படுகிறேனா?

இன்னொன்று. ஆகஸ்டில் ஊருக்குப் போகிறோம். சின்னவளுக்கு மூன்று வயது. போன தரம் கொழும்பில் இறங்கும்போது காது வலித்து வீரிட்டு அழுதாள், பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதற்கும் ஏதாவது சொல்லுங்கோ.

க.,
ஹரோ, லண்டன்

அன்புள்ள க.,

வீண் பயம் என்று சொல்லமாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் எட்டு வயதில் ரப்பீடில் ஏற்றமாட்டேன். என்னைக் கூப்பிட்டால் நாளைக்கே ஏறிவிடுவேன்.

ரப்பீட் அருமையான விமானம். டி ஹாவிலண்ட் நிறுவனம் 1934இல் முதலில் பறக்கவிட்டது. எழுநூறுக்கு மேல் கட்டினார்கள். மரச்சட்டம், ஒட்டுப்பலகை, மேலே இழுத்துக் கட்டிப் பூச்சுப் பூசிய துணி, 200 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு. மூக்கில் விமானி தனியாக உட்கார்ந்திருப்பார். துணை விமானிக்கு இடமே கிடையாது. 'அந்தக் காலத்து இரும்பு, அசைக்க முடியாது' என்று சொல்கிறவர்களை விமானக் கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் சந்திக்கிறேன். ரப்பீடில் இரும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் சுவிஸ் விபத்து 2018 ஆகஸ்ட் 4இல் நடந்தது. 1939இல் கட்டிய யுங்கர்ஸ் யு-52. லொக்கார்னோவிலிருந்து டூபென்டோர்ஃபுக்குத் திரும்பும் வழியில் பிட்ஸ் செக்னாஸ் மலையடியில் விழுந்து, உள்ளே இருந்த 20 பேரும் இறந்தார்கள். ஓட்டிய இருவரும் நீண்ட அனுபவம் உள்ள விமானிகள். குறுகிய பள்ளத்தாக்குக்குள் தாழ்வாகப் போனார்கள், திரும்பி வர இடம் விட்டுவைக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. பராமரிப்பிலும் மேற்பார்வையிலும் இருந்த ஓட்டைகளையும் அது எடுத்து வைத்தது. மறு ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம் பயணிகளோடு கிளம்பி, எஞ்சின் கோளாறால் திரும்பி இறங்கும்போது நொறுங்கியது. 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். அங்கும் பராமரிப்புக் கோளாறுதான் பேசப்பட்டது.

டக்ஸ்ஃபோர்டில் ரப்பீட் ஓட்டுகிறவர்களை இந்த வரிசையில் நிறுத்தவில்லை. தட்டையான கேம்பிரிட்ஜ்ஷயர் வயல்களுக்கு மேல் கொஞ்ச நேரச் சுற்று. ஆல்ப்ஸ் மலை இடுக்கு வேறு கதை. ஆனால் நாம் பழகிய பயணிகள் விமானத்தில் ஒரு தவறு நடந்தால் பிடித்துக்கொள்ள இன்னொன்று இருக்கும்: இரண்டாவது விமானி, தரை நெருங்கினால் கத்துகிற கருவி, ஒரு எஞ்சின் நின்றாலும் தூக்கிக்கொண்டு போகிற இன்னொன்றின் வலு. தொண்ணூறு வருடத்து வடிவமைப்பில் அந்த அடுக்குகள் குறைவு. தெரிந்துதான் நான் ஏறுகிறேன். உங்கள் மகன் நீங்கள் சொன்னீர்கள் என்று ஏறுவான். பதினாறு, பதினேழு வயதில் அந்த சுவிஸ் அறிக்கையை அவனே வாசித்துவிட்டு 'பரவாயில்லை அம்மா, ஏறுகிறேன்' என்றால் தடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு ஆசையென்றால் அவர் போய்வரட்டும், உங்களிடம் கேட்டுக்கொண்டு. மகன் வேலியோரம் நின்று எஞ்சின் புகை கக்கிக் கிளம்புவதைப் பார்க்கட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

பிறந்தநாளைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், மாற்று இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடம் விமானப் பிள்ளைகளுக்கு வாய்த்த இடம். ஹரோவிலிருந்து பக்கத்திலேயே லண்டன் கோல்னியில் டி ஹாவிலண்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. ரப்பீட் ஒன்று அங்கே தரையில் நிற்கிறது. ஏன் இரண்டு சிறகு என்று அவன் கேட்பான். மரத்தாலும் துணியாலும் நீளமான ஒற்றைச் சிறகு செய்தால் வளைந்துவிடும். இரண்டைச் செய்து இடையில் கட்டையும் கம்பியும் கொடுத்து இறுக்கினால் ரயில் பாலம் மாதிரி நிற்கும். அவ்வளவு போதும் எட்டு வயதுக்கு.

பிறகு அங்கேயே கொமெட் 1 விமானத்தின் உடல்பகுதிக்குக் கூட்டிப்போங்கள். இதில்தான் அதிக நேரம் நில்லுங்கள். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம் அதுதான். 1952 மே 2இல் லண்டனிலிருந்து ஜொஹனஸ்பர்க்குக்குச் சேவை தொடங்கி, அந்த ஆகஸ்டிலேயே கொழும்புக்கும் வந்தது. ஜன்னலைப் பாருங்கள்: மூலை மட்டும் கொஞ்சம் மழுங்கிய சதுரம். 1954 ஜனவரியில் எல்பா தீவுக்கு அருகே ஒரு கொமெட்டும், ஏப்ரலில் நேப்பிள்ஸுக்குத் தெற்கே இன்னொன்றும் நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் ஒரு கொமெட்டை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு பயணத்திலும் நடப்பதுபோல உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். பறந்த பயணங்களையும் சேர்த்துச் சுமார் 3,000 சுற்றில் உடல் கிழிந்தது. உலோகம் களைத்துப்போகிறது என்பதைப் பொறியாளர்கள் முன்பே அறிவார்கள்; இவ்வளவு சீக்கிரம் களைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 'சதுர ஜன்னலால் விழுந்தது' என்று இணையத்தில் எல்லோரும் எழுதுவது பாதி சரி. எல்பாவில் மீட்டெடுத்த பாகங்களில் வெடிப்பு தொடங்கியது கூரையில் ஏரியலுக்காக, அதாவது வானொலி அலைவாங்கிக்காக, வெட்டிய திறப்பில். எந்தத் திறப்பாக இருந்தாலும் உலோகத்தை இழுக்கும் விசை மூலையில்தான் குவிகிறது.

இன்னொரு நாள் டக்ஸ்ஃபோர்டுக்குப் போங்கள். அங்கே கொமெட் 4 நிற்கிறது. அதன் ஜன்னல்களில் மூலையே இல்லை. அதே இடத்தில், ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்டுக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம். அதன் ஜன்னல் உள்ளங்கை அளவுதான். அறுபதாயிரம் அடியில் கண்ணாடி உடைந்தால் காற்று மெதுவாகப் போகட்டும் என்று சிறிதாக வைத்தார்கள். பலாலிக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு இடமும் உண்டு: கொழும்பில் ஒரு நாள் தங்கினால் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் டக்கோட்டாவைப் பார்க்கலாம். 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் சேவை இரத்மலானையிலிருந்துதான் பலாலி வழியாக மெட்ராஸ் போனது. திறந்திருக்கும் நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றைப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் விமானம் ஏறினால் பையன் சும்மா இருக்கமாட்டான். அவனுக்கு ஜன்னலோரம், சிறகுக்குச் சற்றுப் பின்னால் இடம் எடுங்கள். ஜன்னலின் அடிப்பக்கம் ஊசித்துளை போல ஒரு சிறு ஓட்டை இருக்கும். கண்ணாடி உடைந்துவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஜன்னலில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தகடு இருக்கும்; அது நடுத்தகட்டில் வேண்டுமென்றே போட்டது. அதன் வழியாக அழுத்தம் சமமாவதால் முழுப் பாரத்தையும் வெளித்தகடு தாங்குகிறது, நடுத்தகடு தேவைப்பட்டால் என்று காத்திருக்கிறது. உயரத்தில் அந்த ஓட்டையைச் சுற்றிப் பனிப்பூ படரும். இறங்கும்போது சிறகின் பின்விளிம்பு பிரிந்து நீளும். சக்கரம் தரையைத் தொட்டதும் மேலே பலகைகள் எழுந்து நிற்கும். அதற்காகவே நான் இந்த வயதிலும் ஜன்னலுக்குச் சண்டை போடுகிறேன்.

இனிச் சின்னவள். முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய நுவரெலியா மலையின் உயரத்துக் காற்று, சில விமானங்களில் அதைவிடக் கொஞ்சம் மெலிந்தது. இறங்கும்போது அரை மணி நேரத்தில் அங்கிருந்து கடல் மட்டத்துக்கு வருகிறோம். நடுக்காதுக்குள் காற்று திரும்பப் போக வேண்டிய குழாய் சிறுபிள்ளைகளுக்குக் குறுகலாகவும் படுக்கையாகவும் இருப்பதால் சட்டென்று திறக்காது. செவிப்பறை உள்ளே இழுபடுகிறது. விழுங்கினால் குழாய் திறக்கும். அம்மப்பாவுக்குக் கொடுத்த இனிப்பு அதற்குத்தான், பஞ்சு எஞ்சின் இரைச்சலுக்கு.

மூன்று வயதுக்கு இனிப்பு வேண்டாம், தொண்டையில் சிக்கும். உறிஞ்சுகுழாய் போட்ட தண்ணீர்ப் போத்தல் போதும். தூங்குகிற பிள்ளை அதிகம் விழுங்காது. ஆகவே விமானம் இறங்கத் தொடங்குகிறது என்று அறிவித்ததும் எழுப்பிவிடுங்கள். எழுப்பினால் சிணுங்குவாள், பரவாயில்லை. மூக்கடைப்போ காதுத் தொற்றோ இருந்தால் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். மூக்குச் சொட்டு மருந்தை நீங்களாகவே கடையில் வாங்கி விட வேண்டாம். அப்படியும் அழுதால் அழட்டும். அழும்போதும் விழுங்குவாள், காது திறந்துகொள்ளும். பக்கத்து இருக்கைக்காரர்கள் முகத்தை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டாலும் அது அவர்கள் பாடு.