அலிசம் ஏன் முளைக்கவில்லை? – கடிதம்

வணக்கம் ஐயா,

ரோஜாச் செடிகளுக்கு அடியில் தரை வெறுமையாகக் கிடக்கிறது. தரையோடு படர்ந்து மணக்கும் பூ வேண்டுமென்று அலிசம் விதை வாங்கினேன். ஆவணியில் விதைத்து அரை அங்குலம் மண் மூடினேன், முளைக்கவே இல்லை. ஐப்பசியில் மேலாகத் தூவினேன். முளைத்த வேகத்தில் சாய்ந்துவிட்டன. விதை மோசமா? கோவை வெயிலுக்கு இது வருமா?

– ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

விதையைக் குறை சொல்ல வேண்டாம். அலிசம் முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை அங்குல மண்ணுக்கடியில் அது எழாது. இரண்டாம் முறை வந்தது நாற்றழுகல். அடைமழையில் தூரில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். சாய்ந்த நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்: மண்மட்டத்தில் மட்டும் தண்டு பழுத்து, நூலாக மெலிந்திருக்கும்.

நவம்பர் தொடக்கத்தில், மழை படாத, வெளிச்சமான இடத்தில் குழித்தட்டில் விதையுங்கள். அலசிய கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. குழிக்கு நான்கைந்து விதை. விரலால் அமுக்கினால் போதும், மேலே எதுவும் தூவாதீர்கள். பூவாளி விதையை அடித்துப் போய்விடும், தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். குழிக்கு இரண்டு செடி விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் கூட வரும்.

மழை ஓய்ந்ததும், டிசம்பர் நடுவில், 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் நடலாம். களிமண்ணானால் மணல் கலந்து மேட்டுப்பாத்தியாக்குங்கள். ரோஜாவின் தூரை ஒட்டாமல், ஐந்தாறு மணி நேரமாவது வெயில் விழும் ஓரமாக வையுங்கள். நிழலில் தண்டு நீண்டு பூ குறையும். ரோஜாவுக்கு வைக்கும் தழைச்சத்து இதற்கு வேண்டாம், இலைதான் மண்டும்.

பலரும் கோட்டைவிடுவது கத்தரிப்பதில். நுனியில் பூ இருக்கும்போதே அதன் கீழே வட்டத் தகடுபோல் சிறு காய்கள் வரிசையாகப் பிடித்துவரும். பாதித் தண்டு காயாகிவிட்டால் தயங்காமல் முழுச் செடியையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு நீர் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி பூத்து அதே தேன் மணம் வரும்.

கோவையில் இது ஜனவரி முதல் மார்ச் வரைக்கான பூ. கோடையில் காய்ந்துவிடும், காப்பாற்ற முயலாமல் எடுத்துவிடுங்கள். ஊட்டிக் குளிரில்தான் நீண்ட நாள் நிற்கும்.

முட்டைகோஸ் குடும்பம் என்பதால் வைரமுதுகுப் பூச்சியின் புழு வரலாம். காலையில் பார்த்துக் கையால் பொறுக்குங்கள். மருந்து அடிக்காதீர்கள். அலிசத்தில் தேன் குடிக்க வரும் சிர்ஃபிட் ஈயின் புழுக்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்பவை. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸ் கீரையின் இயற்கை முறை வயல்களுக்குள் அலிசத்தை ஊடுபயிராக வைப்பது இதற்காகத்தான். உங்கள் ரோஜா மொட்டுகளில் அசுவினி கண்டாலும் இமிடாகுளோபிரிட் பூச்சிக்கொல்லியின் பக்கம் போகாமல், தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்துவிட்டு, மிச்சத்தை அந்த ஈயின் புழுக்களுக்கு விடுங்கள்.